அனுமதி கேட்காத வசந்தம்

மார்ச் மாதம் முழுக்க வெல்டா சொல்லிப் பார்த்துவிட்டாள். புருஷன் ஹாலிஸ் ப்ரூவிட் அசைந்து கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் பூட்ஸை ஒரு மூலையில் உதறிவிட்டு, கூரை அதிர டி.வி.யை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவள் சுட்ட ஆப்பிள் பை மேசைமேல் ஆறிக் கிடக்கும். கடைசியில் அதை அவர்கள் இரண்டு பேருமே தின்று தீர்ப்பார்கள்.

"இன்னிக்காவது போயிட்டு வந்துடலாமா?"

"எங்க?"

"எங்கயா? கிம்ப்ரோ வீட்டுக்குத்தான்."

"அர்லிஸ் செத்துட்டாரு."

"அது எனக்குத் தெரியாதா? சவப்பெட்டியத் தூக்குனவங்கள்ல நீயும் ஒருத்தன். அவரு மக ஜனெல் இருக்கால்ல, அவகிட்ட கேக்கணும்."

"கேட்டா இல்லைன்னு சொல்லுவா. கேக்கலைன்னா எப்படிச் சொல்லுவா?"

வக்கீல் நியாயம். வெல்டா ஆப்பிள் பையில் ஒரு துண்டை வெட்டி அவர் முன்னால் நகர்த்தினாள்.

அந்த மலைப்பக்கத்தில் வான்கோழி வேட்டைக்கு இடம் கொடுப்பது காகிதத்தில் நடக்கிற காரியம் அல்ல. மார்ச்சில் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், நிலத்துக்காரர் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்ட வேண்டும். முன்வாசலுக்குப் போகிறவன் ஓட்டுக் கேட்க வந்தவன். கையில் ஏதாவது பலகாரம் இருக்க வேண்டும். மாட்டு விலை, மழை, யாருக்கு என்ன ஆபரேஷன் எல்லாம் பேசி முடித்துக் கிளம்புகிற சமயத்தில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்புறம், இந்த வருஷமும் மேட்டுல கோழிக்கு உக்காந்துக்கலாமா?" என்று கேட்க வேண்டும். போன வருஷம் சொன்ன சரி போன வருஷத்தோடு தீர்ந்தது. ஹாலிஸ் கல்யாணமான புதிதிலிருந்து இப்படித்தான் கேட்டு வந்தார். அர்லிஸ் கிம்ப்ரோ ஒவ்வொரு தடவையும் மோவாயைத் தடவி, "யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று இழுப்பார். ஹாலிஸின் முகம் தொங்குவதை ஆசை தீரப் பார்த்துவிட்டு, "போய்யா, போய் உக்காரு" என்பார். கிழவருக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். நவம்பரில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் பல் டாக்டரிடம் வேலை பார்த்த ஜனெல், வேலையை விட்டுவிட்டு வந்து அந்த வீட்டில் ஒண்டியாக இருக்கிறாள்.

ஹாலிஸின் பயத்துக்குத் தூபம் போட்டவன் தீவனக்கடை டுவைட். கோழித்தீவன மூட்டையை அவர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டே சத்தமாகச் சொன்னான்.

"செயின்ட் லூயிஸ் பட்டணத்துக்காரனுங்க நாலு பேரு கிம்ப்ரோ வீட்டு வாசல்ல நின்னானுங்க. என் கண்ணால பாத்தேன். வேட்டைக் குத்தகைக்குத்தான், வேற எதுக்கு? என் மச்சான் வேட்டையாடுன எடமும் அப்படித்தான் போச்சு. அந்த நிலத்துக்காரனுக்கு வேலி கட்டிக் குடுத்தான், கன்னு போடறப்ப ராத்திரி முழிச்சான். ஒரே போனு. ஆள் வந்துட்டாங்க, இனிமே வராதீங்கன்னுட்டாங்க."

"ஜனெல் அப்படிப் பண்ண மாட்டா," என்றாள் வெல்டா.

"என் மச்சானும் அப்படித்தான் சொல்லிகிட்டுத் திரிஞ்சான்."

ஹாலிஸ் காதில் பாதிதான் விழுந்திருக்கும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

பீப்பாய்ப் பலகை அறுக்கும் மில்லில், வட்டரம்பத்துக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்த காது அது. தடித்த சத்தம் உள்ளே போகும்: இடி, டிரக் எஞ்சின், ஆண் வான்கோழியின் கொக்கரிப்பு. மெல்லிசான சத்தம் ஒன்றும் போகாது: போன் மணி, பெட்டைக்கோழி கூப்பிடுவது, பெண்டாட்டி பேச்சு. தூரத்தில் சேவல் கொக்கரிப்பது கேட்டாலும் எந்தத் திக்கில் என்று பிடிபடாது. காதுக்கருவி வாங்கிப் பார்த்தார்கள். காட்டுக்குள் சருகு நொறுங்குவதெல்லாம் சரளைக்கல் கொட்டுவதாகக் கேட்கிறது என்று அதைக் காலுறை டிராயரில் போட்டுவிட்டார். அதிலிருந்து வெல்டாதான் அவருக்குக் காது. அவர் இடது தோளை ஒட்டி ஒரே மரத்தில் சாய்ந்து உட்காருவாள். கோழி இடப்பக்கம் என்றால் தோளில் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் இரண்டு. தோளை இறுக்கிப் பிடித்தால் அசையாதே என்று அர்த்தம்.

"துப்பாக்கி அவரோடது, கோழி என்னோடது" என்று சர்ச்சில் மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குப் பின்னால் அவளுக்கு அது உயிர். மில் மூடிய பிறகு ஹாலிஸ் குளிர்காலம் முழுக்க நாற்காலியோடு நாற்காலியாகிவிடுகிறார். ஏப்ரலில்தான் எழுந்து வருவார். அவள் கை அவர் தோளில் இருக்கும் அந்த விடியற்காலைகளில்தான் தனக்குப் புருஷன் ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றும். கிம்ப்ரோ மேடு போய்விட்டால் மிச்சம் அரசாங்கக் காடு. அங்கே சீசன் முதல் நாள் வண்டி நிறுத்த இடம் இருக்காது. புதருக்குப் புதர் ஒருத்தன் சேவலை இழுக்கப் பெட்டை மாதிரிக் கத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் கூட்டத்தில் இந்தச் செவிட்டு மனுஷன் துப்பாக்கியும் கையுமாக நிற்பதை அவளால் நினைத்துப்பார்க்க முடியாது.

ஏப்ரல் பிறந்ததும் ஒரு சாயங்காலம் இருவரும் வண்டியை மேட்டுக்குக் கீழே சாலையோரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். கோழிகள் மரமேறி அடையும் நேரம்.

"எத்தனை?" என்றார் ஹாலிஸ்.

"இரு. மேட்டுல மூணு. குளத்துப்பக்கம் ஒண்ணு. அது கெழம், தொண்ட கட்டின மாதிரி கத்துது."

"நாலா?" ஹாலிஸ் ஸ்டியரிங்கைத் தட்டினார். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன்ல மழ பேயல, பாத்தியா. குஞ்செல்லாம் பொழச்சுகிச்சு. இப்ப ரெண்டு வயசுச் சேவலுங்க. இந்த மாதிரி வருஷம் இன்னொண்ணு வருமான்னு தெரியாது, வெல்டா."

அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் கண்ணில் அது பட்டது. வேலியோர ஓக் மரங்களில், இடுப்பு உயரத்தில், ஊதா வண்ணத்தில் கோடு. ஒன்றல்ல, வரிசையாக. அந்த மாநிலத்தில் ஊதாக்கோடு போட்டால் பலகை மாட்டினது மாதிரி: உள்ளே வராதே.

"ஹாலிஸ், பெயிண்ட் அடிச்சிருக்கா."

"பாத்தேன்."

"பாத்தியா?"

"போன வாரமே பாத்தேன். அது வெளியாளுக்கு. நமக்கில்ல."

"நமக்கில்லைன்னு யாரு சொன்னது?"

"நமக்குத்தான்னும் யாரும் சொல்லலையே."

இப்போதே போய்க் கதவைத் தட்டலாம், ஐந்து நிமிஷ நடை. ஆனால் வெல்டாவுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜனெல் இல்லை என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் மலர்ந்திருக்கும் இந்த முகம் இனி எதற்கு மலரும்? கண்ணாடியை ஏற்றினாள். சுடுகிற சட்டியைத் தொட்ட கையை மறைத்துக்கொள்வது போலப் பேச்சை மாற்றி, ராத்திரிக்குப் பீன்ஸா உருளைக்கிழங்கா என்று கேட்டாள்.

சீசன் திறந்த திங்கட்கிழமை, விடியலுக்கு வெகு முன்னால் கிளம்பினார்கள். வெல்டா மெத்தென்ற பிஸ்கட் ரொட்டிக்குள் ஹாம் பன்றிக்கறியை வைத்துக் கட்டினாள். ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றினாள். எப்போதும் கிம்ப்ரோ வீட்டு வாசலிலேயே வண்டியை விடுவார்கள். அர்லிஸ் சமையலறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டு வழியனுப்புவார். இன்றைக்கு ஹாலிஸ் பழைய சர்ச்சுக்குப் பின்னால் கொண்டுபோய் வண்டியை ஒளித்தார். கேட் வழியாகப் போகாமல் முள்கம்பியை அவள் தூக்கிப் பிடிக்க, அவர் அடியில் நுழைந்தார். பக்கத்து மரத்தின் ஊதாக்கோடு அந்த இருட்டிலும் மங்கலாகத் தெரிந்தது. திருடர்கள் இப்படித்தான் நுழைவார்கள் என்று வெல்டா நினைத்தாள்.

"செயின்ட் லூயிஸ்காரனுங்க இருந்தா?" என்று அவர் காதில் வாயை வைத்துக் கேட்டாள்.

"வெயில் வந்தப்புறம்தான் எந்திரிப்பானுங்க. அதுக்குள்ள ஒண்ண அடிச்சிட்டுக் கெளம்பிடலாம்."

இந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வான்கோழி வேட்டை என்பது உட்காருகிற வேலை. நாம் உட்கார்ந்திருக்க, கோழி நம்மைத் தேடி வர வேண்டும். கோழியைத் தேடி ஆள் தவழ்ந்து போவது ஆபத்து என்று ஊரில் எல்லாருக்கும் ஹாலிஸ்தான் சொல்லுவார்.

பெரிய ஓக் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சருகு நனைந்து கிடந்தது. அவள் கை வழக்கம்போல அவர் தோளுக்குப் போனது. வானம் சாம்பல் நிறமானதும் ஹாலிஸ் வாயைக் குவித்து ஆந்தை மாதிரி அலறினார். பருவத்தில் இருக்கிற சேவலுக்கு எந்தத் திடீர்ச் சத்தம் கேட்டாலும் பொறுக்காது. பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கடகடவென்று பதில் வந்தது. வெல்டா தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். சற்று நேரத்தில் மரத்திலிருந்து கனத்த இறக்கைகள் இறங்கும் ஓசை. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. சேவல் வாயை மூடிக்கொண்டது.

வெளிச்சம் ஏறியது. ஹாலிஸ் திரும்பித் திரும்பிச் சாலைப்பக்கம் பார்த்தார். அவர் தோள் அவள் கைக்கடியில் மரக்கட்டையாக இறுகியிருந்தது.

அப்போது இடப்பக்கம், குளத்துக்கரையில், ஒரு பெட்டை கூப்பிட்டது. வெல்டா காதைத் தீட்டினாள். கியோக், கியோக், கியோக். அவளுக்குச் சுருக்கென்றது. பெட்டை இப்படி மூச்சுவிடாமல் கூப்பிடாது. நடுவில் நின்று காது கொடுக்கும், அப்புறம் கூப்பிடும். இது மரத்தோடு மரம் உரசுகிற சத்தம். பெட்டைக் குரல் எழுப்புகிற சின்ன மரப்பெட்டியான பெட்டிக்கூப்பானைத் தேய்க்கிற கை, பழக்கமில்லாத கை.

அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஹாலிஸ் அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தார். குளத்துக்கரையில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் அவர் எதையோ பார்த்துவிட்டார். நீ இங்கேயே இரு என்று கையைக் காட்டிவிட்டுத் தவழ ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவளை மரத்தடியில் விட்டுவிட்டு அவர் போனதில்லை.

"ஹாலிஸ்," என்று கிசுகிசுத்தாள். அந்தக் காதுக்கு அது எம்மாத்திரம்.

எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் அவர் முழங்காலில் எழுந்தார். துப்பாக்கி மேலேறியது. அதன் நுனி காட்டிய இடத்தில், கட்டைக்கு மேலே, சிவப்பாக ஒன்று எழுந்து தாழ்ந்தது. சேவலின் தலை சிவப்பு. ஆனால் வெல்டா இருந்த கோணத்தில், அந்தச் சிவப்பைப் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன.

காட்டுக்குள் வாயைத் திறந்தால் வேட்டை போச்சு. கத்தினால் திருட்டுத்தனமாக வந்தது வெளிச்சத்துக்கு வரும், மேடு போய்விடும், ஹாலிஸும் போய்விடுவார். இதெல்லாம் அவளுக்குத் தோன்றியது என்று சொன்னால் பொய். குரல்தான் முதலில் வந்தது.

"ஆளு, ஹாலிஸ். சுடாத. அது ஆளு."

அதே விநாடி, வலப்பக்கம் புதருக்குள்ளிருந்து, காது கிழிகிற மாதிரிச் சேவல் கொக்கரித்தது. அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறது. ஹாலிஸ் துப்பாக்கியோடு வலப்பக்கம் திரும்பினார். கட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். மூக்கு, கண் எல்லாம் சிவந்து, கையில் சிவப்புக் கைக்குட்டையோடு. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜனெல்.

ஹாலிஸ் தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சருகில் தள்ளினார். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ப்ரூவிட்டா? வெல்டாவா?" ஜனெலின் குரல் சின்னப்பெண் குரலாகிவிட்டிருந்தது. "நான் செயின்ட் லூயிஸ் ஆளுங்கதான் உள்ள வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"நீ எதுக்கும்மா இங்க?" என்றாள் வெல்டா.

"இது அப்பா உக்கார்ற எடம். இன்னிக்கு மொத நாளு. யாராவது ஒருத்தர் இங்க இருக்கணும்னு தோணுச்சு. அவரு கூப்பான் பெட்டிய எடுத்துட்டு வந்து சும்மா தேச்சுகிட்டிருந்தேன். அழுக வந்துடுச்சு." அவள் ஹாலிஸைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். மெதுவாக அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். "என்னைய கோழின்னு நெனச்சீங்களா?"

ஹாலிஸ் ஆமென்று தலையை ஆட்டினார்.

ஜனெல் கட்டைமேல் உட்கார்ந்தாள்.

"மார்ச்ல ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் காப்பி போட்டு வெச்சுகிட்டு உக்காந்திருந்தேன்," என்றாள். "ப்ரூவிட்டுங்க வந்தா மொதல்ல யோசிக்கணும்னு சொல்லு, அவரு மூஞ்சியப் பாத்துட்டு அப்புறம் சரின்னு சொல்லுன்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு. நீங்க வரவே இல்ல. வேற எடம் கெடச்சிருச்சாக்கும்னு விட்டுட்டேன். அந்த நாலு பேரு வந்தப்பகூட, வாசல்ல நிக்கவெச்சே இல்லைன்னு அனுப்பிட்டேன். அதுக்கப்புறம்தான் பெயிண்ட் அடிச்சேன். அது உங்களுக்கு அடிச்சதில்ல, வெல்டா."

வெல்டாவுக்கு அவமானமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வெல்டா கத்துனா," என்றார் ஹாலிஸ் திடீரென்று. "கத்துனதும் நிறுத்திட்டேன், ஜனெல். விசையில விரலக் கூட வெக்கல."

ஜனெல் யோசித்தாள். இது அப்பாவின் விளையாட்டு யோசனை அல்ல. "இந்த வருஷம் வராதீங்க. ஆனா அவங்க கத்துனதும் நிறுத்துனீங்கள்ல, அத நான் மறக்க மாட்டேன். அடுத்த மார்ச்ல கதவத் தட்டி முறையாக் கேளுங்க. அவங்க கூட இருக்கறப்ப எனக்கு பயமில்ல."

திரும்பும்போது கேட் வழியாகவே போனார்கள். வண்டியை வெல்டா ஓட்டினாள். ஹாலிஸின் கை துப்பாக்கிப் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பாலம் தாண்டி, தீவனக்கடை தாண்டியாயிற்று.

"நீ என்னன்னு கத்துன?" என்று கேட்டார்.

"என்னன்னா? ஆளு, சுடாதன்னு."

"ம்."

"ஏன்?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "என் காதுல விழல, வெல்டா."

அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"வலப்பக்கம் சேவல் கத்துச்சே, அதுதான் விழுந்துச்சு. உன் சத்தத்துக்குத்தான் அது கத்தியிருக்கணும். நான் அதப் பாக்கத் திரும்புனேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்குது." அப்புறம், "விசையில விரல வெச்சுட்டேன்," என்றார்.

வெல்டாவின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அந்தச் சேவல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தால்? பெட்டையோடு மேட்டுக்கு ஏறியிருந்தால்? அவள் எவ்வளவு கத்தியிருந்தாலும் வீண்தான்.

"அவகிட்ட சொல்லிடாத," என்றார் ஹாலிஸ். அவர் கண் கலங்கியிருந்தது. "மார்ச்ல கேக்கச் சொல்லியிருக்கா. இனிமே உன்ன விட்டுட்டு ஒரு அடி நகர மாட்டேன். சத்தியமா. அந்த மேடு இல்லைன்னா எனக்கு என்ன இருக்கு, சொல்லு."

வெல்டா வண்டியைக் கிளப்பினாள். வீட்டுக்குப் போய் முட்டை பொரித்து, பிஸ்கட்டைச் சூடாக்கி, குழம்பு ஊற்றி வைத்தாள். அவர் பாதித் தட்டிலேயே நாற்காலிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிற முகத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவர்மேல் அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. அந்த மேட்டில் அவர் தோள்மேல் கை வைத்து உட்கார அவளுக்கும்தான் ஆசை. மார்ச் வரும், ஆப்பிள் பை சுடுவாள், அவர் தொப்பியைக் கையில் எடுப்பார், அந்தப் பெண் சரி என்பாள். அடுத்த தடவை அவள் கத்தும்போது கூடக் கத்த ஒரு சேவல் இருக்காது. சாவியை எடுத்துக்கொண்டாள்.

கிம்ப்ரோ வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டியபோது கையில் பலகாரம் எதுவும் இல்லை. ஜனெல் திறந்தாள். அப்பாவின் வேட்டைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"இன்னிக்கேவா? மார்ச்ல வாங்கன்னேன்."

"மார்ச்லயும் வருவோம். அதுக்குத்தான் வந்தேன்." வெல்டா உட்காரவில்லை. "அவரு உங்கிட்ட சொன்னது நெசமில்ல. நான் கத்துனது அவரு காதுல விழவே இல்ல. சேவல் கத்துச்சு, திரும்புனாரு. அவ்வளவுதான்."

ஜனெல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மார்ச்ல அவரு தொப்பியக் கழட்டிகிட்டு நிப்பாரு. நானும் பக்கத்துல நிப்பேன். நீ இல்லைன்னு சொல்லணும். எப்பவும் இல்ல, எந்த வருஷமும் இல்லைன்னு. நான் சொன்னா அரசாங்கக் காட்டுக்குக் கெளம்பிடுவாரு. துப்பாக்கியக் கீழ வைங்க, எங்கயுமே போகாதீங்க, நீங்க என்னையச் சுடப் பாத்தீங்கன்னு நீ சொன்னாத்தான் நிப்பாரு."

"வெல்டா, அந்த நாலு பேருக்கு இல்லைன்னு சொன்னேன், அது சுலபம். அவரு மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"பழகிக்க. இப்ப எங்கிட்ட ஒரு தடவ சொல்லு."

ஜனெல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல," என்றாள்.

வெல்டாவின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"இன்னும் சத்தமாச் சொல்லும்மா," என்றாள். "இப்படிச் சொன்னா அவரு காதுல விழாது."